காற்றுக்குக் கட்டிய கப்பல் வாடகை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்ட சோறு உங்களுக்கு ஒழுங்காகச் செரிக்கிறது என்றால், ஏற்றுமதித் தொழிலில் நீங்கள் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இருபத்தாறு வருடம் செரிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எரியோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்து, இந்தக் கம்பெனிக் களத்தில் தென்னை நார்த்தூளைக் காயப்போட்டுக் கிளறும் வேலையில் சேர்ந்தேன். கன்டெய்னர் ஏற்றும் இடத்துக்கு மேற்பார்வையாளராக இருந்து போன தை மாதம் ஓய்வு பெற்றேன். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வுக்குக் காரணம் என் பயம்தான். ஒருநாள் ஏற்றி முடித்த லாரியில் பாம்பு புகுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்து, அத்தனையும் கீழே இறக்க வைத்தேன். பாம்பு இல்லை. ஆனால் அடி வரிசையில் பாதிச் சரக்கு உடைந்து கிடந்தது. “இந்த அம்மாவ ஏத்துற எடத்துலயே உக்கார வைங்க” என்றார் முதலாளி. அன்றிலிருந்து பயப்படுவதற்குச் சம்பளம் வாங்கினேன்.

முதலாளி பேகம்பூர்க்காரர். அவருடைய அத்தா காலத்தில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பம். எங்களுக்கெல்லாம் அவர் பாய். நான் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் அதன் முதுகில் அன்றைய கவலைகளை எழுதுவேன் என்பது அவருக்குத் தெரியும். அன்றாடக் கவலைகளைச் சாயங்காலம் கசக்கிப் போட்டுவிடுவேன். நிரந்தரக் கவலைகள் பத்தொன்பது. அவற்றை மட்டும் ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதி, ஏற்றுமிடச் சுவரில் ஒட்டியிருந்தேன். மழை முதலாவது. புல் விதை கலப்பது இரண்டு. பாம்பு மூன்று. தூத்துக்குடி போகிற லாரி டிரைவர் கொட்டாவி விடுவது பதினொன்று.

நம் சரக்கைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் என் பாஷையில் சொல்கிறேன். தேங்காய் மட்டையில் நாரை உரித்த பிறகு மிஞ்சும் தூள் இது. கயிறு திரிக்கிறவர்கள் ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டித் தீ வைத்தார்கள். நாம் அதைக் கழுவி, காயவைத்து, மெஷினில் அமுக்கி, செங்கல் மாதிரிக் கட்டியாக்கி அனுப்புகிறோம். அங்கே தண்ணீர் பட்டதும் அது ஐந்தாறு மடங்கு ஊதி விரியும். கண்ணாடி வீட்டுக்குள் மண்ணுக்குப் பதிலாக அதில் தக்காளிச் செடி வைப்பார்கள். ஆக, குப்பைதான் விற்கிறோம். தங்கம் விற்கிறவனுக்குக் கப்பல் வாடகை கொசுக்கடி. குப்பை விற்கிறவனுக்கு, வாடகை ஏறினால் சரக்கை விடக் கூலி பெரிசாகிவிடும்.

இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. என் பத்தொன்பதில் கப்பல் வாடகை கிடையாது.

அப்போது வாடகை மலிவாகத்தான் இருந்தது. அந்த நாளில் ஹாலந்திலிருந்து நம் சரக்கை வாங்கும் ஒருவர் வந்தார். ஆள் அத்தனை உயரம். ஷெட்டின் தகரத்தில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டார். களத்து வெயிலில் கால்மணி நேரம் நின்றதற்கே முகம் சிவந்துபோய்விட்டது. பெண்கள் அவருக்குத் தக்காளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஊரில் பணத்தைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் குட்டி போடவில்லையாம். இங்கே ஒரு பெரிய பிரஸ் மெஷின் வாங்கிக் கொடுத்தால் தனக்குச் சரக்கு தடையில்லாமல் வரும் என்று கணக்குப் போட்டார். கடனைப் பணமாகத் திருப்பித் தர வேண்டாம். மூன்று வருடத்துக்குச் சரக்காக அனுப்பினால் போதும், ஒவ்வொரு கன்டெய்னரிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

பாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “வட்டி கூடாது. மார்க்கத்துல அதுக்கு எடமில்ல.”

தக்காளி யோசித்துவிட்டுச் சரி என்றார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார். தன் கிடங்கு வாசலில் இறக்குகிற வரைக்கும் சேர்த்து இன்ன விலை. மூன்று வருடமும் அதே விலை. கப்பல் கூலி நம்முடையது. பாய் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். கப்பல் கூலி என்ன பெரிய கூலி, எரியோட்டு மினி பஸ் டிக்கெட் மாதிரி என்று சிரித்தார். பத்திரத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: தொடர்ந்து மூன்று மாதம் சரக்கு போகாவிட்டால் மெஷின் அவருக்கு.

நான் அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். நூல் மில் வேனில் ஏறி வேடசந்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் பதினான்கு பேரிடம் போய், மூன்று வருடத்துக்கு வேலை உறுதி, மில்லை விட்டுவிட்டு வாருங்கள் என்று கூட்டிவந்தேன். எதற்கும் பயப்படுகிற நான் வாக்குக் கொடுத்த ஒரே இடம் அது. மறுநாளே பயமாக இருந்தது.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் செங்கடல் பக்கம் தகராறு என்று கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. வழி நீண்டது. காலிக் கன்டெய்னர் பெட்டி கிடைக்கவில்லை. கிடைத்த பெட்டிக்கும் வாடகை மூன்று மடங்கு. தக்காளி பிடித்துக்கொண்டது போக நம் கைக்கு வருவது கப்பல் வாடகைக்கே பற்றவில்லை. ஏற்றினால் ஒவ்வொரு பெட்டிக்கும் நஷ்டம்; ஏற்றாவிட்டால் மூன்றாம் மாதம் மெஷின் போகும்.

பாய் டீ கிளாஸோடு என் சுவர் முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா முத்துலட்சுமி, உன் லிஸ்ட்டுல கப்பல் வாடகை எத்தனாவது நம்பர்?”

“லிஸ்ட்டுலயே இல்ல பாய்.”

“பாம்பு இருக்கு.”

“மூணாவது.”

“டிரைவர் கொட்டாவி?”

“பதினொண்ணு.”

“நல்லாயிருக்கும்மா.” டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

அவருடைய மகள் நஸ்ரின்தான் நம் ஆபீஸில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவள். காலேஜில் வணிகம் படித்த பெண். அவளிடம் புலம்பினேன்.

“அக்கா, இது நமக்கு மட்டும் வந்ததில்ல” என்றாள். “ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கிட்டக் கடன் வாங்குனாலும் கடைசில இப்பிடித்தான் அடைக்கணும். வாங்குறதவிடக் கூடுதலாச் சரக்க வெளிய அனுப்பணும். அனுப்புற கூலி ஏறிருச்சுன்னா கடனும் ஏறிருச்சுன்னு அர்த்தம். கூலி கொறைவா இருந்தாத்தான் தூரத்துல இருக்கவன் தைரியமாப் பணம் குடுப்பான். எங்களுக்கு இத ஒரு செமஸ்டர் பூராம் ஓட்டுனாங்க.”

“அப்ப உங்க அத்தா வட்டியில்லாத கடன்னு கையெழுத்துப் போட்டாரே?”

“வட்டி வேணாம்னு வாசல்ல நிப்பாட்டுனோம். அது கப்பல் ஏறிப் பின்வாசல் வழியா வந்துருச்சு. அத்தாகிட்ட இந்த வார்த்தையச் சொல்லிராதீங்க, மனசு கஷ்டப்படும்.”

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டிக்குத்தானே வாடகை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இல்லையே என்று யோசித்தேன். அதுவரை நாம் கட்டிகளை மரப் பலகைத் தட்டுகளில் அடுக்கி ஏற்றினோம். தட்டுக்கு அடியில் இடைவெளி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி, மேலே கூரை வரை இடைவெளி. அத்தனை இடத்திலும் வெறும் காற்று. அந்தக் காற்று நம் காசில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாயிடம் போய்ச் சொன்னேன். எடை வரம்புக்குள்தானே வரும் என்று கேட்டார். வரும் என்றேன். செய் என்றார். இறக்க ஆள் கூலி அதிகமாகும் என்று தக்காளி மூக்கால் அழுதுவிட்டு, ஒரு பெட்டிக்கு மட்டும் தட்டு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் உங்கள் மூத்த சகாவான நான் செய்த காரியத்தைக் கவனமாகப் படியுங்கள்.

ஏற்றுகிறவர்களின் தலைவர் மாரியப்பன். எனக்கு முன்னாலேயே சேர்ந்தவர். கதவுப் பக்கம் ஒரு சாண் விட்டுத்தான் கடைசி வரிசையை முடிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் அந்தச் சாணையும் அடைக்கச் சொன்னேன்.

“ஏம்மா, ஒரு எறும்பு போக வழி விடுவியா, மாட்டியா?”

“எறும்புக்கும் வாடகை இருக்கு. அட அடுக்குங்கண்ணே.”

“கதவச் சாத்த வேணாமா?”

“நாலு பேரா முட்டுனா சாத்திரும்.”

கூரையில் ஈரம் உறிஞ்சும் பைகள் வரிசையாகத் தொங்கும். உள்ளே உப்பு மாதிரி ஏதோ இருப்பதால் நம் ஆட்கள் உப்புப் பை என்பார்கள். எக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பைக்குப் பின்னாலும் ஒரு கட்டி வைக்க இடம் இருந்தது.

“அந்தப் பையெல்லாம் அவுத்துருங்க” என்றேன்.

மாரியப்பன் என்னை ஒரு பார்வை பார்த்தார். “பாய் சொன்னாரா?”

“நான் சொல்றேன்.”

“அப்பச் சரி. நாளைக்கு ஒண்ணுன்னா நான் உன் பேரத்தான் சொல்லுவேன்.”

கதவை ஆறு பேர் முட்டிச் சாத்தினோம். சீல் வைத்ததும் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அன்று சோறு செரித்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வழி நீண்டால் வாடகைதான் நீளும் என்று நினைத்தேன். நாளும் நீளும் என்பதை யோசிக்கவில்லை. பகலில் வெந்து இரவில் குளிர்ந்து, பெட்டிக்கு உள்ளே கூரையில் வியர்த்து வியர்த்துச் சொட்டியிருக்கிறது. உறிஞ்சுவதற்குப் பை இல்லை. உறிஞ்சுவதற்கென்றே பிறந்த நம் கட்டிகள் இருந்தன. அவை குடித்தன. விரிந்தன. விரிவதற்கு ஒரு சாண்கூட இடம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தக்காளியிடமிருந்து மூன்று சொல்லில் செய்தி வந்தது. நஸ்ரின் படித்துச் சொன்னாள்: “கதவு திறக்க மாட்டேங்குதாம்.”

கொஞ்ச நேரத்தில் வீடியோவில் பேச வேண்டும் என்றார். பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீயும் வந்து உக்காரு. வாயத் தெறக்காத. நீ பேசுனா உன் பயம் அவருக்கும் ஒட்டிக்கிரும்.”

திரையில் நம் பெட்டியைக் கண்டேன். கதவு இரண்டும் அம்மைக்கட்டு வந்த கன்னம் மாதிரி வீங்கியிருந்தன. ஒரு ஆள் கடப்பாரையோடு போராடிக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ப்பாளை நெருப்புப் பறக்க அறுத்தார்கள். அறுத்து முடித்ததும் கதவு தானாகவே படாரென்று திறந்து, ஆள் ஒரு பக்கம், கடப்பாரை ஒரு பக்கம். உள்ளேயிருந்து நார்த்தூள் பொங்கல் பானை மாதிரி பொங்கி வழிந்தது. கடைசியில் தக்காளியின் தலை மட்டும் தெரிந்தது, முடியெல்லாம் தூளோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதற்கான தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை.

தக்காளி சிரிக்கவில்லை. நஸ்ரின் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள்.

“பெட்டிக்காரங்களுக்கு அபராதம் கட்டணுமாம். இப்பிடியே போனா அவரால முடியாதாம். ஒப்பந்தத்த முறிச்சுக்கிறாராம். மெஷின எடுத்துக்கிறாராம், அத்தா.”

பாய் மேஜை மேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூடியிருந்தார்கள். நான் மில்லிலிருந்து கூட்டிவந்தவர்களில் மூத்தவள் பாண்டியம்மாள். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “யக்கா, மெஷினு போகுதுன்னா எங்க பதினாலு பேரையும் அதே கப்பல்ல ஏத்தி விட்ருங்க. மில்லு வேனுல இனி எடமில்லையாம்.”

அவள் குத்தலுக்குத்தான் சொன்னாள். எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. வாயைத் திறக்காதே என்று பாய் சொன்னது மறந்தே போயிற்று.

“நஸ்ரின், அவர்கிட்ட ஒண்ணு கேளு. மெஷின எதுல கொண்டுபோவாராம்?”

“அக்கா, சும்மா இருங்க.”

“கேளும்மா. கப்பல்லதான? அது ஒரு பெட்டிக்குள்ள அடங்காது. கழட்டுனா ரெண்டு பெட்டி. இப்ப இருக்குற வாடகைக்கு மெஷின் வெலையில பாதி அதுலயே போயிரும். அங்க கொண்டுபோய் எதப் போட்டு அமுக்குவாரு? அவர் ஊர்ல தென்னமரம் இருக்கா?”

நஸ்ரின் தன் அத்தாவைப் பார்த்தாள். பாய் பேனாவை வைத்துவிட்டுத் தலையசைத்தார். அவள் கேட்டாள்.

திரையில் தக்காளி தலையைச் சொறிந்தார்; தூள் உதிர்ந்தது. இங்கேயே விற்றுவிடுவேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கப்பல் வாடகை இருக்கிற நிலையில் இந்தப் பக்கம் பாதிக் கம்பெனிகள் தங்கள் மெஷினையே நிறுத்திவைத்திருந்தன, யார் வாங்குவார்கள்? நம்மை எந்தக் கூலி நெரித்ததோ அதே கூலி அவர் பணத்தையும் நம் ஷெட்டில் கட்டிப்போட்டிருந்தது. இரண்டு பேர் கழுத்திலும் ஒரே கயிறு. அது அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். கோபம் போய், என் முகத்தில் தினம் இருக்கும் அதே கலக்கம் அவர் முகத்தில் வந்தது. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கெட்டிக்காரியாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. கதவு வீங்கியதற்குக் காரணம் கப்பலா, வானிலையா என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பாய் மீதும் பழி விழலாம். பேரத்தில் நம் கை ஓங்கியிருக்கும் நேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

“இதையும் சொல்லிரு நஸ்ரின். உப்புப் பைய அவுக்கச் சொன்னது நான்தான். கதவுக்கிட்ட ஒரு சாண் விடுற வழக்கத்தையும் நான்தான் மாத்துனேன். பாய்க்குத் தெரியாது.”

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று தக்காளி கேட்டார்.

“காத்துக்கு வாடக கட்ட மனசு வரல” என்றேன்.

நஸ்ரின் அதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு சத்தம். முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கடப்பாரை ஆளும் சிரித்தான். மறைக்காமல் சொன்னதால் பேச முடிகிறது என்றார் தக்காளி. தானும் பயந்துகொண்டுதான் இருந்தாராம். கப்பல் கூலி ஏறிய நாளிலிருந்து நாம் என்றைக்கு நின்றுவிடுவோம் என்று காத்திருந்தாராம்; கேட்டால் நின்றுவிடுவோமோ என்று கேட்கவும் இல்லையாம். நாமும் சொன்னால் மெஷினைக் கேட்பாரோ என்று சொல்லவில்லை. அத்தனை மாதமும் இரு பக்கமும் வாயை மூடிக்கொண்டு நஷ்டப்பட்டிருக்கிறோம்.

அப்புறம்தான் பாய் பேசினார். அவர் பேசியது நான் எதிர்பாராதது.

“வட்டி வேணாம்னு நான்தான் சொன்னேன். ஆனா கூலி ஏறுனா எறங்குனா எல்லாம் என் தலையிலன்னு கையெழுத்துப் போட்டேனே, அதுவும் தப்புதான். எங்க வழியில லாபத்துலயும் பங்கு, நஷ்டத்துலயும் பங்கு. கையெழுத்துப் போட்ட அன்னைக்கி இருந்த கூலிக்கு மேல எம்புட்டு ஏறுனாலும் பாதி உங்களுது, பாதி என்னுது. எறங்குனாலும் அப்பிடித்தான், மிச்சத்துல பாதி உங்களுக்கு. மூணு வருசத்த அஞ்சாக்குங்க. கூலி உச்சத்துல இருக்கயில கொறைவா அனுப்புறேன், எறங்குனதும் சேத்து அனுப்புறேன். மெஷின் சும்மா நிக்காது, மலைப் பக்கம் பூ வளக்குறவுகளுக்குப் போடுறேன்.”

தக்காளி அபராதத்தில் பாதியை நம்மீது போட்டார். பாய் ஒத்துக்கொண்டார். என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தால் உனக்கு ஒரு கவலை குறைந்துவிடும், அது வேண்டாம் என்றுவிட்டார். வழிந்த தூளில் பூஞ்சை பிடிக்காததைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஊற வைக்கிற வேலை மிச்சம் என்று வாங்கிக்கொண்டார்களாம்.

பெண்கள் பதினான்கு பேரும் களத்திலேயே இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். பாண்டியம்மாள்தான் இன்று உங்களுக்கெல்லாம் மெஷினில் கை வைக்கச் சொல்லித் தருகிறவள்.

புது ஒப்பந்தத்தில் தக்காளி தானாக ஒரு வரி சேர்த்திருந்தார். தட்டு வேண்டாம், இப்படியே அடுக்குங்கள். ஆனால் உப்புப் பை கட்டாயம், கதவுக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கட்டாயம். சாண் என்றால் என்ன அளவு என்று நஸ்ரினிடம் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் மாறுமே என்று அவள் விழித்தாள். தக்காளி சொன்னாராம்: யார் அதை அடைத்தாரோ, அவர் கை அளவு.

நாள்காட்டித் தாள் ஒன்றின் முதுகில் என் இடது கையை விரித்து வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து, இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று ஹாலந்துக் கிடங்கில் இருக்கிறது. இன்னொன்று ஏற்றுமிடச் சுவரில், என் லிஸ்ட்டுக்குப் பக்கத்தில். அந்த லிஸ்ட்டில் இருபதாவது நம்பராகக் கப்பல் வாடகையை எழுதிவிட்டேன். நீங்கள் இருபத்தொன்றாவதைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

மாரியப்பனிடம், அந்தச் சாண் எதற்கு என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா அண்ணே என்று பிறகு கேட்டேன். “கதவு சாத்தயில என் கைவிரலு நசுங்காம இருக்க விடுவேன்” என்றார்.

உங்களில் சிலருக்குக் கை பெரிது. கதவுப் பக்கம் அளக்கும்போது உங்கள் கையால் அளக்காதீர்கள். சுவரில் இருக்கும் என் கையால் அளந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு விரல் அகலம் போனாலும் அது காற்று. ஏறிய வாடகையில் பாதி நம்முடையது.